“நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்” என்றால்?



தாமலில் ஒரு குழுக் கூட்டம். சந்தா, கடன் தவணை வசூல் நடந்துகொண்டிருந்தது. எப்போதும் முதல் ஆளாகக் கட்டுகிற ஒரு சகோதரி அன்றைக்கு சந்தா மட்டும் வைத்துவிட்டு, தவணைக்குத் தலையைக் குனிந்துகொண்டார். ஊக்குநர் விசாரித்தபோதுதான் விஷயம் வந்தது. “கம்பெனியில நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க அக்கா. மூணரை வருஷமா போய்ட்டிருந்தேன்.” லெட்டர் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டோம். “ஒண்ணும் தரல. ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு, பத்து நாள் சம்பளம் பேங்க்ல போட்டாங்க. பேப்பர் இங்கிலீஷ்ல இருந்துச்சு.” கூட வேலை பார்த்த ஒரு பெண் அதே மாதிரி பேப்பரை செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தார். படித்துப் பார்த்தால், “குடும்பக் காரணங்களுக்காக நானே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்” என்று இருக்கிறது!

இது ஒருவர் கதை இல்லை. முன்பெல்லாம் நம் பக்கத்தில் ஏரித் தண்ணீர், நெல், பட்டுத் தறி என்று பிழைப்பு ஓடியது. இப்போது விடியற்காலையில் பைபாஸ் ஓரம் போய் நின்றால் தெரியும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம், செய்யாறு சிப்காட் என்று கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நம் பெண்களை ஏற்றிப் போகின்றன. குழுக் கடனே அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வாங்குகிறோம். அதனால் வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் முதலாளி என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முன்னறிவிப்பு என்றால் என்ன?

“இன்ன தேதியிலிருந்து உனக்கு வேலை இல்லை, காரணம் இது” என்று எழுத்தில் முன்கூட்டியே சொல்வதுதான் முன்னறிவிப்பு. கம்பெனிகளில் நோட்டீஸ் என்பார்கள். லைன் லீடர் வாயால் சொல்வது, சூப்பர்வைசர் போனில் சொல்வது, கேட்டில் செக்யூரிட்டி கார்டைப் பிடுங்கிக்கொள்வது இதெல்லாம் முன்னறிவிப்பு ஆகாது.

நம் நாட்டில் இதற்கு ஆதாரமாக இருந்தது 1947-ம் வருஷத்து தொழில் தகராறுகள் சட்டம். ஆட்குறைப்புக்கு நோட்டீஸும் நஷ்டஈடும் தர வேண்டும் என்ற பகுதி 1953-ல் அதில் சேர்ந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. 2020-ல் நிறைவேறினாலும் 2025 நவம்பர் 21-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. “புது சட்டம் வந்துடுச்சு, இனிமே நோட்டீஸெல்லாம் கிடையாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மாத நோட்டீஸ் புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது.

சட்டம் சொல்வது இதுதான். ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். “இல்லை, இன்றைக்கே அனுப்பியாக வேண்டும்” என்றால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இதோடு சேர்த்து, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம் நஷ்டஈடு. கடைசி வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியிருந்தால் அதையும் ஒரு முழு வருஷமாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையாக இருந்தால் இன்னும் கடுமை. ஒரு மாதம் போதாது, மூன்று மாத நோட்டீஸ் அல்லது மூன்று மாதச் சம்பளம். அத்துடன் அரசாங்கத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மனு கொடுத்து 60 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனால் “அரசாங்கம் பார்த்துக்கும்” என்று சும்மா இருந்துவிட முடியாது. இந்த 300 என்ற எண்ணிக்கைக்கு ஒரு கதை உண்டு. 1976-ல் அனுமதி விதி வந்தபோது 300 என்று ஆரம்பித்தார்கள். 1982-ல் கொண்டுவந்த திருத்தத்தில் 100 ஆகக் குறைத்தார்கள். அதாவது சின்ன ஆலைகளுக்கும் பாதுகாப்பு வந்தது. புதிய சட்டத்தில் மறுபடியும் 300-க்கே போய்விட்டது. 100 பேருக்கு மேல், 300-க்குக் கீழ் ஆள் வைத்திருக்கிற கம்பெனியில் இருக்கும் நம் சகோதரிகளுக்கு இது நஷ்டம்தான் என்பது என் கருத்து.

யாரை முதலில் அனுப்புவது என்பதற்கும் முறை இருக்கிறது. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். மாற்றி அனுப்பினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஆட்குறைப்பு செய்த ஒரு வருஷத்துக்குள் திரும்ப ஆள் எடுத்தால், வெளியே போனவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு.

240 நாள் கணக்கு

“ஒரு வருஷம் தொடர்ச்சியாக” என்றதும் பல பேர் பயந்துபோகிறார்கள். “நடுவுல பத்து நாள் லீவு போட்டேனே, எனக்கு வராதே” என்கிறார்கள். அப்படியில்லை. கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஒரு வருஷம் தொடர்ச்சியாக வேலை செய்ததாகச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இந்த 240-ல் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சேரும். வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்த நாள் சேரும். பிரசவ விடுப்பு 26 வாரம் வரைக்கும் சேரும். சம்பளம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை லீவும் கூடச் சேரும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. எட்டு மாதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே பல பேருக்கு 240 நிரம்பிவிடும்.

இது நமக்குத் தெரியாவிட்டாலும் ஹெச்.ஆர். ஆபீஸுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சில இடங்களில் ஏழாவது மாதம், எட்டாவது மாதம் “ஒரு பிரேக் எடுத்துட்டு வாம்மா, திரும்ப சேர்த்துக்கறோம்” என்று இனிமையாகப் பேசி அனுப்புகிறார்கள். திரும்பப் போகும்போது புது நம்பர், புது கார்டு! பழைய கார்டைக் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

240 நாள் நிரம்பாதவர்களுக்கு இந்த நோட்டீஸும் நஷ்டஈடும் சட்டப்படி கிடையாது. அவர்களுக்கு வேலை நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். புதிய சட்டங்களில் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று வந்திருக்கிறது. இதுவரை கடிதம் வாங்காதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

பணமாகப் பார்த்தால் எவ்வளவு?

நம் தாமல் சகோதரியின் கணக்கையே போடுவோம். கணக்குக்கு எடுக்கும் சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். வேலை செய்தது மூன்று வருஷம் ஏழு மாதம், அதாவது நான்கு வருஷக் கணக்கு. நோட்டீஸ் தராமல் அனுப்பியதால் ஒரு மாதச் சம்பளம் 12,000. நஷ்டஈடு வருஷத்துக்கு 15 நாள், அதாவது 6,000. நான்கு வருஷத்துக்கு 24,000. ஆக மொத்தம் 36,000 ரூபாய். அந்த கம்பெனியில் 300 பேருக்கு மேல் இருந்தால் நோட்டீஸ் சம்பளமே 36,000, எல்லாம் சேர்த்து 60,000. இதற்கு மேல் புதிய சட்டத்தில் ‘மறுதிறன் நிதி’ என்று ஒன்று சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 15 நாள் சம்பளத்தை அந்த நிதியில் கட்ட வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இன்னொரு 6,000. பி.எஃப்., விடுப்புச் சம்பளம், போனஸ் பாக்கி எல்லாம் தனி.

அவருக்குக் கிடைத்தது பத்து நாள் சம்பளம், 4,000 ரூபாய். அதுவும் அவர் ஏற்கனவே வேலை செய்த நாளுக்கான கூலி! குழுவில் அவருடைய கடன் பாக்கி எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பாக்கி எப்போது வர வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டு நீக்கினாலும் சரி, நாமே விலகினாலும் சரி, கம்பெனி மூடினாலும் சரி, இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கி முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் உள்ள விதி. “அடுத்த மாசம் பத்தாம் தேதி எல்லாருக்கும் போடும்போது போடுவோம்” என்பது செல்லாது.

கணக்குப் போடும்போது சில கம்பெனிகளில் பேசிக் சம்பளத்தை மட்டும் எடுப்பார்கள். பேசிக் 4,000, மற்றதெல்லாம் அலவன்ஸ் என்று சம்பளச் சீட்டில் பிரித்திருப்பார்கள். புதிய சட்டப்படி சம்பளத்தில் சேராத அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், பாதிக்கு மேல் இருப்பது சம்பளத்தோடு சேர்ந்துவிடும். சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

நோக்கியாவில் என்ன நடந்தது?

நம் மாவட்டத்தில் இதைப் பேசினால் நோக்கியாவைப் பேசாமல் இருக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த செல்போன் கம்பெனியில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை பார்த்தார்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு சீருடை, பஸ், கேண்டீன் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். பல குடும்பங்களில் முதன்முதலாக வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தது மகள்தான். பிறகு வருமான வரித் தகராறு வந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேராமல் தனியாக நின்றது. அந்தச் சமயத்தில் நிர்வாகம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. சுமார் 5,000 பேர் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றபோது உள்ளே மிச்சம் இருந்தவர்கள் சுமார் 850 பேர்தான். அதே வருஷம் டிசம்பரில் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையிலும் வேலை நின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. விருப்ப ஓய்வு என்பது சட்டத்தின் பார்வையில் ஆட்குறைப்பு இல்லை. “நான் விரும்பிப் போகிறேன்” என்று தொழிலாளி எழுதிக் கொடுப்பது அது. எழுதிக் கொடுத்த நிமிஷமே மூன்று மாத நோட்டீஸ், அரசு அனுமதி, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்ற முறை, திரும்ப எடுத்தால் முன்னுரிமை எல்லாம் போய்விடும். 1947 சட்டத்திலும் அப்படித்தான், புதிய சட்டத்திலும் அப்படித்தான். 5,000 பேர் ஒரு ஆலையை விட்டுப் போனார்கள், ஆனால் காகிதத்தில் ஒருவரைக்கூட கம்பெனி நீக்கவில்லை!

விருப்ப ஓய்வு வாங்கினவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூடப்போகிற கம்பெனியில் உட்கார்ந்திருப்பதை விட, சட்டம் சொல்லும் தொகையைக் காட்டிலும் அதிகமாகத் தந்தால் வாங்கிக்கொண்டு போவது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் சட்டப்படி எவ்வளவு வரும் என்று கணக்குத் தெரிந்துகொண்டு, இரண்டு நாள் டைம் கேட்டு, வீட்டில் பேசிவிட்டுப் போடுகிற கையெழுத்து வேறு. ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் கூப்பிட்டு வாங்குகிற கையெழுத்து வேறு.

ஃபோர்டு கார் கம்பெனியையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் மறைமலை நகர் ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பர் 9-ல் அறிவித்தார்கள். உடனே யாரும் கையெழுத்துப் போடவில்லை. சங்கம் பேசியது, போராட்டம் நடந்தது, 2022 ஜூலையில்தான் கடைசி கார் வெளியே வந்தது. கடைசியில் நிர்வாகம் அறிவித்த தொகை, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சராசரியாக 140 நாள் சம்பளம். சட்டம் சொல்வது 15 நாள்! அவர்கள் நிரந்தரத் தொழிலாளர்கள், சங்கம் இருந்தது, பெரும்பாலும் ஆண்கள். நம் பெண்கள் பலருக்கு இந்த மூன்றும் இல்லை. இருந்தாலும் 15 நாள் என்பது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் பேசி வாங்கலாம் என்பதற்கு இது சாட்சி.

மற்ற நாடுகளில் எப்படி என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். பக்கத்தில் இலங்கையில் 1971-ம் வருஷத்துச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கீனம் தவிர்த்த வேறு காரணத்துக்காக ஒருவரை நீக்க, தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் வேலைகளில் தனி ஒருவரை அனுப்ப நோட்டீஸே தேவையில்லை. பணக்கார நாடு என்பதால் சட்டமும் தாராளமாக இருக்கும் என்று இல்லை பாருங்கள்.

யாருக்கு நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம்?

திருட்டு, அடிதடி போன்ற குற்றச்சாட்டில் நீக்கினால் ஒரு மாத நோட்டீஸ் தேவையில்லை. ஆனால் அதற்கும் முறை உண்டு. குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை வைத்து, நம் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். “உன் மேல கம்ப்ளெயிண்ட் இருக்கு, போலீஸுக்குப் போகட்டுமா, இல்ல நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போறியா?” என்று மிரட்டுவது விசாரணை இல்லை.

‘குறித்த கால வேலை’ என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஒப்பந்தம் போட்டு எடுத்திருந்தால், அந்தக் காலம் முடிந்து நிறுத்துவது ஆட்குறைப்பில் சேராது. புதிய சட்டத்தில் இந்த மாதிரி வேலை பெருகும் என்றே தோன்றுகிறது. இவர்களுக்கு ஒரு வருஷம் முடித்தாலே பணிக்கொடை உண்டு, மற்றவர்களைப் போல ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டாம். உங்கள் நியமனக் கடிதத்தில் முடிவு தேதி போட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதோ, அந்தக் காலத்தில் முடியும்படி நோட்டீஸ் தருவதோ சட்ட விரோதம். முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தாலே பிரசவப் பலன் உண்டு. “மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாங்க” என்று நம்மிடம் வந்து சொல்கிறவர்கள் அதிகம். இது விதி என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

காண்ட்ராக்டர் மூலம் போகிறவர்களுக்கு முதலாளி காண்ட்ராக்டர்தான், நோட்டீஸ் தர வேண்டியதும் அவர்தான். காண்ட்ராக்டர் சம்பளப் பாக்கியைத் தராமல் போனால் கம்பெனி தர வேண்டும். தொல்லை என்னவென்றால் வருஷத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் பெயர் மாறும். வேலை அதேதான், லைன் அதேதான், சட்டை கலர் மட்டும் மாறும். ஒவ்வொரு பெயரிலும் வாங்கிய கார்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஜவுளிக்கடைக்குப் போகிறவர்கள்

காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடைகளிலும், உத்திரமேரூர் பஜாரிலும் வேலை செய்கிற சகோதரிகளுக்கு இன்னொரு பழைய நல்ல சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதில் 41-வது பிரிவை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தாலே போதும். நியாயமான காரணம் இல்லாமல், ஒரு மாத நோட்டீஸோ ஒரு மாதச் சம்பளமோ தராமல் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு போடலாம். நாள் தாண்டினால் சிக்கல். கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் திருத்தம் வந்ததே, அதுவும் இதே சட்டத்தில்தான்.

வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சட்டங்கள் எதுவும் பொருந்தாது. வீட்டிலேயே தறி போட்டு முதலாளிக்கு நெய்து கொடுப்பவர்களுக்கும் “நான் உங்களிடம் வேலை செய்தேன்” என்று நிரூபிப்பது கஷ்டம். அவர்கள் கூலியை நோட்டில் எழுதி, நெய்து கொடுத்த தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வேலையை விட்டு நிறுத்தினால் என்ன செய்வது?

முதலில் கையெழுத்து. புரியாத பேப்பரில் போடாதீர்கள். தமிழில் சொல்லச் சொல்லுங்கள், போட்டோ எடுக்கக் கேளுங்கள், “வீட்ல காட்டிட்டு நாளைக்குத் தர்றேன் சார்” என்று சொல்லுங்கள். ராஜினாமா என்றோ, ‘முழு கணக்கும் தீர்ந்தது’ என்றோ இருந்தால் ஜாக்கிரதை. வெற்றுப் பேப்பராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பணத்தை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை என்றால், கையெழுத்துக்கு மேலே “எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று உங்கள் கையால் தமிழில் எழுதி, தேதி போடுங்கள்.

ஏற்கனவே மிரட்டி வாங்கிவிட்டார்களா? ஒரு வாரம் யோசிக்காமல் அன்றைக்கோ மறுநாளோ “என் விருப்பம் இல்லாமல் கையெழுத்து வாங்கினார்கள், நான் ராஜினாமா செய்யவில்லை” என்று கம்பெனிக்கு எழுதி அனுப்புங்கள். நாள் தள்ளத் தள்ள அந்தப் பேப்பருக்கு பலம் கூடிக்கொண்டே போகும்.

வாயால் “வராதே” என்று சொல்லி கேட்டில் நிறுத்தினால், வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிறகு கம்பெனி என்ன சொல்லும் தெரியுமா? “நாங்க நீக்கல, அந்தம்மாவே சொல்லாம நின்னுட்டாங்க.” அதனால் மறுநாளும் போய் நில்லுங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. அன்றே கடிதம் அனுப்புங்கள். ரிஜிஸ்தர் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டதால், ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட் என்று தபால் ஆபீஸில் கேளுங்கள். அந்த ரசீதும் கடிதத்தின் ஜெராக்ஸும்தான் நம் ஆயுதம்.

பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு. எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். சமரசத்துக்கு மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால் தொழிலாளி தானே நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் (அது அமையும் வரை இப்போதுள்ள தொழிலாளர் நீதிமன்றம்). ஆனால் வேலையை விட்டு நீக்கின தேதியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் மூன்று வருஷம் இருந்தது, இப்போது குறைத்துவிட்டார்கள்.

வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்று தயங்க வேண்டாம். பெண்கள் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி பெறலாம் என்று 1987-ம் வருஷத்து சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழுவையும் நேரில் பார்க்கலாம்.

குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை போன உறுப்பினருக்கு அபராதம் போடுவதற்கு முன், நோட்டீஸ் பணமும் நஷ்டஈடும் வந்ததா என்று கேளுங்கள். மனு கொடுக்கப் போகும்போது இரண்டு பேர் துணைக்குப் போங்கள். ஒரு பெண் தனியாகப் போய் நிற்பதற்கும், குழுவின் தீர்மான நோட்டுடன் நான்கு பேர் போய் நிற்பதற்கும் ஆபீஸில் நடக்கிற மரியாதையே வேறு.

கேட்டில் நிறுத்தப்பட்டவர்கள் எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி கீழே. ஊர், தேதி, எண்களை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் தேவையில்லை, தமிழில் எழுதினால் போதும்.

“அனுப்புநர்: (பெயர், தொழிலாளர் எண், முகவரி). பெறுநர்: மேலாளர் அவர்கள், (கம்பெனி பெயர்). ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் (தேதி) முதல் (பிரிவு) பிரிவில் வேலை செய்து வருகிறேன். (தேதி) அன்று காலை வேலைக்கு வந்தபோது, எழுத்து மூலமான முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் கேட்டில் நிறுத்தி உள்ளே விட மறுத்தார்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை வேலைக்கு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேலை இல்லை என்றால், அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்து, சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய முன்னறிவிப்புச் சம்பளம், நஷ்டஈடு மற்றும் சம்பளப் பாக்கியை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, (கையெழுத்து, தேதி). நகல்: தொழிலாளர் துறை சமரச அலுவலர் அவர்களுக்கு.”

கடைசி வரியில் இருக்கும் அந்த ‘நகல்’ முக்கியம். விட்டுவிடாமல் எழுதி, அங்கேயும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.